எல்4–எல்5 திருகு வைத்து ஆறு வாரம்: கால் வலி போய்விட்டது, முதுகு வலி போகவில்லை. இது இயல்புதானா?

காவிரிக்கரையான் (கும்பகோணம்) – ஆகஸ்ட் 9, காலை 5.50

அனைவருக்கும் வணக்கம். என் வயது 54. அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் முன்பக்கமாக நழுவி, கால்களுக்கு இறங்கும் நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. முதல் நிலை நழுவல்தான் என்றாலும், கடந்த ஓராண்டாகப் பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒரே மூச்சில் நடக்க முடியாமல், வழியிலுள்ள மதகுக் கட்டையில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தொடையின் பின்புறம் ஓடும் எரிச்சல் அடங்கிய பிறகே எழுந்து நடப்பது வழக்கமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மிதிவண்டியில் ஐந்து கிலோமீட்டர் போக முடிந்தது. நடந்து இருநூறு மீட்டர் போக முடியவில்லை.

ஜூன் 27 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை எடுத்துவிட்டு, நான்கு திருகுகளும் இரண்டு கம்பிகளும் பொருத்தி, தேய்ந்துபோன ஜவ்வை அகற்றிய இடத்தில் எலும்புத் துகள் அடைத்த சிறு கூண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து நின்றபோது காலில் எரிச்சல் இல்லை என்பதை உணர்ந்து, செவிலியர் முன்னிலையிலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் இன்று 43ஆம் நாள். முதுகு வலி அப்படியே இருக்கிறது. காலையில் எழும்போது முதுகில் பலகை வைத்து ஆணி அடித்ததுபோல் இறுக்கமாக இருக்கிறது. நாற்காலியில் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "ஸ்க்ரூ லூசாகியிருக்கும், எதற்கும் வேறு டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உறக்கம் இல்லை. இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள் இங்கே இருந்தால், ஆறாவது வாரத்தில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எழுத வேண்டுகிறேன்.

—

நெல்லைச்சீமை – ஆகஸ்ட் 9, காலை 10.15

வணக்கம் ஐயா. எனக்கும் அதே எல்4–எல்5தான். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்போது எனக்கு 47 வயது. ஆறாவது வாரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், நீங்கள் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் படுக்கையிலிருந்து எழுவதே ஒரு தனிக் கலையாக இருந்தது. மரக்கட்டை உருளுவதுபோல் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், கால்கள் கட்டிலுக்கு வெளியே இறங்கும்போதே கையை ஊன்றி மேலுடம்பை உயர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் நள்ளிரவில் தாகம் எடுத்து, சொன்னதை மறந்து, தலைமாட்டில் இருந்த செம்பை எடுக்க இடுப்பைத் திருப்பிவிட்டேன். அந்தச் சுருக்கென்ற வலியில் செம்பு கைநழுவி விழுந்து, வீடே விழித்துக்கொண்டது. திருகு கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தசை பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்றார் மருத்துவர்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்றையும் கூச்சமில்லாமல் எழுதிவிடுகிறேன். வலி மாத்திரைகளால் வந்த மலச்சிக்கல், வலியைவிடக் கொடுமையாக இருந்தது. முக்கவும் கூடாது, குனியவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்டு அதற்கான மருந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் தரையோடு உள்ள கழிப்பறைதான். அதன் மேல் நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைப் போட்டுச் சமாளித்தோம்.

முதுகு இறுக்கம் எனக்கு நான்காம் மாதத்துக்கு மேல்தான் தளர ஆரம்பித்தது. அதுவும் படிப்படியாக அல்ல; இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளையும் முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தவரை எனக்கு அழுகைதான் வந்தது.

—

இயன்முறை_சேலம் – ஆகஸ்ட் 9, இரவு 9.30

நான் பதினாறு ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை செய்துவருகிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் உங்கள் முதுகைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாக நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

கட்டடத்தில் கான்கிரீட் போடும்போது கீழே சென்ட்ரிங் பலகையும் முட்டும் கொடுக்கிறார்கள் அல்லவா? திருகும் கம்பியும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கின்றன. மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் இடையே புதிய எலும்பு வளர்ந்து இரண்டும் ஒன்றாகும்வரை அந்த இடம் அசையாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரே வேறுபாடு, இங்கே சென்ட்ரிங்கைப் பெரும்பாலும் பிரிப்பதில்லை, உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். எலும்பு கூடுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆவதுண்டு. ஆறாவது வாரத்தில் கான்கிரீட் இன்னும் ஈரமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கூடாமலே போய்விட்டால், எவ்வளவு உறுதியான டைட்டானியமாக இருந்தாலும் ஓயாத அசைவில் ஒருநாள் தளரும், அல்லது முறியும். ஆகவே, திருகு வைத்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. வலிக்கிறது, ஆகவே திருகு தளர்ந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு.

கால் வலி உடனே போய் முதுகு வலி தங்குவதற்குக் காரணம் உண்டு. கால் வலி நரம்பு அழுத்தத்தால் வந்தது. அழுத்தம் நீங்கியதும் அது போனது. முதுகிலோ, எலும்பை எட்டுவதற்காகத் தசைகளை விலக்கிப் பல மணி நேரம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தசைகள் தேறுவதற்கும், மறந்துபோன வேலையை மீண்டும் கற்றுக்கொள்வதற்கும் மாதக்கணக்கில் ஆகும். நரம்பிலும் ஒரு வரிசை உண்டு: பெரும்பாலும் வலி முதலில் போகும், பலம் பிறகு திரும்பும், மரத்துப்போன உணர்வு கடைசியில்தான் மாறும். சேதமடைந்த நரம்பு இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதை நினைத்துப் பார்த்தால், இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்பது விளங்கும்.

ஆனால் சில அறிகுறிகள் தோன்றினால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலோடு காயத்தில் நீர் அல்லது சீழ் கசிவது, பாதத்தைத் தூக்க முடியாமல் புதிதாகப் பலம் குறைவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை அவை.

—

பழைய_நடத்துநர் (மதுரை) – ஆகஸ்ட் 10, காலை 7.05

எல்லோரும் பொறுத்திருங்கள் என்றே சொல்கிறீர்கள். பொறுத்திருந்து கெட்டவன் ஒருவனும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்தில் நின்றே வேலை பார்த்தேன். எனக்குக் கால் வலியே கிடையாது. இடுப்பு வலி மட்டும்தான். தனியார் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, இரண்டு இடத்தில் ஜவ்வு கறுத்துப் போயிருக்கிறது, ஆறு திருகு போட்டால் பழைய ஆளாகிவிடுவீர்கள் என்றார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துச் செய்துகொண்டேன். முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது; பிறகு வலி திரும்பியது. ஒன்றரை ஆண்டு கழித்து, கீழ்த் திருகைச் சுற்றி எக்ஸ்ரேயில் கறுப்பு வளையம் தெரிகிறது, திருகு தளர்ந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் திறந்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு, முன்பு இல்லாத கால் எரிச்சல் இடது பக்கத்தில் வந்துவிட்டது. வலிக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம், "படம் நன்றாக இருக்கிறதே" என்பதுதான் பதில்.

ஆசிரியர் ஐயாவைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இன்னும் செய்துகொள்ளாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் அல்லவா?

—

லண்டன்_வாசி – ஆகஸ்ட் 10, மாலை 6.20

நடத்துநர் ஐயா எழுதியது என்னை மிகவும் பாதித்தது. இடுப்பு வலியை எங்கள் ஊரில் நாரி நோ என்று சொல்வோம். வல்வெட்டித்துறையை விட்டு வந்து முப்பது வருடமாகியும் அந்தச் சொல்லும் போகவில்லை, நோவும் போகவில்லை. எனக்குச் சத்திர சிகிச்சை செய்ய மாட்டோம் என்று இங்குள்ள வைத்தியர்கள் மறுத்தபோது மிகவும் கோபப்பட்டேன். பிறகு ஆறுதலாக இருந்து வாசித்துப் பார்த்தேன்.

ஆசிரியருக்கு வந்தது ஒரு நோய், நடத்துநருக்கு வந்தது இன்னொரு நோய். திருகு ஒன்றுதான் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கதைக்கிறோம். கால் நோவும் நழுவலும் இல்லாமல், நாரி நோவுக்கு மட்டும் திருகு போட்டு எலும்பைப் பிணைப்பதைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2001இல் வெளியான சுவீடன் ஆய்வில் 294 பேர் சேர்ந்திருந்தார்கள். இரண்டு வருட முடிவில் பிணைப்புச் செய்தவர்களுக்கு நோ 33 விழுக்காடு குறைந்திருந்தது. செய்யாதவர்களுக்கு 7 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் 33 விழுக்காடு குறைவது என்றால் மூன்றில் இரண்டு பங்கு நோ மிஞ்சியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதோடு, பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வந்து, பிறகு சிறிது சிறிதாகத் தேய்ந்ததையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நடத்துநர் சொன்ன அதே ஆறு மாதம்! 2005இல் பிரித்தானியாவில் 349 பேரிடம் செய்த ஆய்வில், தீவிரமான பயிற்சித் திட்டத்தைவிடப் பிணைப்பு மேலானது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. 2016இல், இங்கு மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, ஆய்வின் பகுதியாக அல்லாமல் நாரி நோவுக்குப் பிணைப்புச் செய்ய வேண்டாம், ஜவ்வுக்குப் பதிலாகச் செயற்கை வட்டும் வைக்க வேண்டாம் என்றே வழிகாட்டியது.

நழுவலோடு கால் நோவும் இருப்பவர்களின் கதை வேறு. 2007இல் வந்த அமெரிக்க ஆய்வில், சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்கள் இரண்டு வருட முடிவில் செய்யாதவர்களைவிடக் கூடுதல் நிவாரணம் கண்டிருந்தார்கள். பலர் இடையில் குழு மாறிவிட்டதால் அந்தக் கணக்கில் வாதத்துக்கு இடமுண்டு. நரம்பின் அழுத்தத்தை மட்டும் எடுத்தால் போதுமா, திருகும் வேண்டுமா என்பது இன்னொரு வழக்கு. 2016இல் 247 பேரிடம் செய்த சுவீடன் ஆய்வு, திருகு சேர்த்ததால் கூடுதல் பயன் எதையும் காணவில்லை. ஆகவே அந்த ஒரு கேள்வியை, ஏன் எனக்குத் திருகும் தேவை என்பதை, சத்திர சிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். என் வைத்தியரிடம் நான் கேட்டேன், அவர் கோபிக்கவில்லை.

—

பழைய_நடத்துநர் – ஆகஸ்ட் 10, இரவு 8.45

மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும் என்று என்னிடம் ஒருவர் முன்பே சொல்லியிருந்தால், நகையாவது மிஞ்சியிருக்கும் தம்பி.

—

இயன்முறை_சேலம் – ஆகஸ்ட் 10, இரவு 10.10

இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாற்பது வயதைக் கடந்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலியே இல்லாதவர்களில் பலருக்கும் ஜவ்வு கறுத்தும் பிதுங்கியும்தான் இருக்கும். தலை நரைப்பதுபோல்தான் அதுவும். படத்தில் தெரிவதும், நோயாளி விரலை வைத்துக் காட்டும் இடமும், பரிசோதனையில் தெரியும் நரம்புக் குறையும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே தொடங்க வேண்டும். ஆசிரியர் எழுதிய மிதிவண்டிக் கதை அப்படிப் பொருந்துகிறது. முன்னால் குனியும்போது முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் குழாய் சற்று விரியும். நிமிர்ந்து நடக்கும்போது சுருங்கும்.

—

தறிக்காரர் (கரூர்) – ஆகஸ்ட் 11, பிற்பகல் 2.00

எனக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கையிலிருந்து செலவானது போக்குவரத்துக்கும் உடனிருந்தவர்களின் சாப்பாட்டுக்கும்தான். அட்டை வைத்திருப்பவர்கள் அனுமதி வந்த பிறகு சேருவது நல்லது. அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிட வேண்டாம்.

நான் எழுத வந்தது பீடியைப் பற்றி. முதல் சந்திப்பிலேயே மருத்துவர் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, "இதை விட்டு ஆறு வாரம் கழித்து வாருங்கள், தேதி தருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. நிகோட்டின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கி எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்று பிறகுதான் விளக்கினார்கள். அதேபோல் எலும்பு கூடும்வரை சில வகை வலி மாத்திரைகளையும் கேட்காமல் போடக் கூடாது என்றார்கள். கடையில் வாங்கிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும். நான் பீடியை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறையாக விட்டிருக்கிறேன்.

—

காவிரிக்கரையான் – ஆகஸ்ட் 11, இரவு 9.00

அனைவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நேற்று முதல் மறந்துபோயிற்று. நடத்துநர் ஐயா, உங்கள் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் உங்கள் உடல்நிலையைத்தான் முதலில் விசாரித்தார்.

ஒரு சிறு ஐயம். இனி எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

—

லண்டன்_வாசி – ஆகஸ்ட் 11, இரவு 11.40

டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது; எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். உலோகத்தைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் படத்தில் நிழல் விழுந்து கலங்கித் தெரியும். எடுக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் தந்த அறிக்கையையும், பொருத்திய கருவியின் பெயரும் எண்ணும் உள்ள தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். விமான நிலையத்தில் என் நண்பரின் திருகுகள் இதுவரை ஒருமுறையும் மணியடிக்கவில்லை. அவருடைய இடுப்புவாரின் கொக்கிதான் எப்போதும் அடிக்கும்.

—

காவிரிக்கரையான் – அக்டோபர் 4, மாலை 5.30

மூன்று மாதம் கடந்துவிட்டது. எக்ஸ்ரேயில் திருகுகள் அசையாமல் இருக்கின்றன; கூண்டைச் சுற்றி எலும்பு படரத் தொடங்கியிருப்பதுபோல் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும் என்றார் மருத்துவர். குனிவது, தூக்குவது, முறுக்குவது ஆகிய மூன்றும் இன்னும் கூடாது. நடை மட்டும் நாளுக்கு நாற்பது நிமிடம்.

சென்ற திங்கள்கிழமை பள்ளிக்குத் திரும்பினேன். ஆய்வகத்திலிருந்த உயரமான முக்காலியைத் தலைமையாசிரியர் வகுப்பறைக்கு மாற்றிக் கொடுத்தார். முதல் வகுப்பிலேயே சுண்ணக்கட்டி கைநழுவி விழுந்தது. அறுபது பிள்ளைகள் முன்னால், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கினேன். பாதி இறங்கியபோது முன்வரிசைப் பையன் எழுந்து வந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டான். மாலை வீட்டுக்கு வந்து யாரும் பார்க்காதபோது ஒரு சுண்ணக்கட்டியைத் தரையில் போட்டு, நானே எடுத்துப் பார்த்தேன். முடிந்தது.

வலி இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது பாடவேளைக்குப் பிறகு முதுகு கனக்கிறது. ஆனால் அது பழைய வலி இல்லை. வேலை செய்த தசையின் களைப்பு என்று இப்போது இனம் பிரிக்க முடிகிறது. இடது கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் செருப்பு மாட்டியதுபோல் மரத்தே இருக்கிறது.

—

பழைய_நடத்துநர் – அக்டோபர் 5, காலை 6.40

மகிழ்ச்சி ஐயா. எனக்கும் ஒரு செய்தி உண்டு. வலி சிகிச்சைப் பிரிவு ஒன்றில், தண்டுவடத்துக்குப் பின்னால் மெல்லிய கம்பி செருகி மின்தூண்டல் தரும் கருவியை ஒரு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்த்தார்கள். கால் எரிச்சல் பாதிக்குப் பாதி அடங்கியது. இடுப்பு வலி அவ்வளவாகக் குறையவில்லை. நிரந்தரமாகப் பொருத்தும் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போதைக்கு நரம்பு மாத்திரையும், அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சியும், காலையில் தமுக்கம் மைதானத்தைச் சுற்றி ஒரு நடையும்தான். இந்த முறை யாரும் என்னைப் பழைய ஆளாக்கிவிடுவதாகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நிற்க வைப்போம் என்றார்கள். நாற்பத்தைந்து நிமிடம் நிற்கிறேன்.

—

புதியவர்_தஞ்சை – அக்டோபர் 5, இரவு 8.15

இழை முழுவதையும் படித்தேன். என் அம்மாவுக்கு 61 வயது. அடுத்த வாரம் இதே அறுவை சிகிச்சை. நழுவலும் இருக்கிறது, கால் வலியும் இருக்கிறது. ஏன் திருகு என்றும் கேட்டுவிட்டோம். தரையில் பாய் விரித்துப் படுத்தே பழக்கப்பட்டவர். வீட்டில் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

—

நெல்லைச்சீமை – அக்டோபர் 5, இரவு 9.05

தம்பி, பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள். கட்டிலின் உயரம், மெத்தையையும் சேர்த்து, அம்மா ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படியும்படி முழங்கால் மட்டத்துக்கு இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். இலவம்பஞ்சு மெத்தை குழியாகிவிட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையில் வைக்க ஒரு தலையணை கூடுதலாக வேண்டும். அடுப்படியில் அவர் தினமும் எடுக்கும் பாத்திரங்கள் எல்லாவற்றையும் இப்போதே இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள அலமாரித் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேலைக்குப் போன பிறகு குனிந்து எடுப்பார். என் அனுபவத்தில், குடத்தை மட்டும் ஒளித்தே வைக்க வேண்டும்.